பட்டறை ஆயுதங்களைப் பார்த்து வாங்குவோம்

(நெகிரி செம்பிலான் தோட்டப் பட்டறைத் தொழிலாளர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசிப் பழகிய மேடையில் ஸ்பானரையும் சுத்தியலையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது என்ன புதுமை என்று சிலர் எண்ணலாம். புதுமை ஒன்றும் இல்லை. தொழிலாளியின் கையில் இருக்கும் ஆயுதம் அவனுடைய சம்பளத்தோடும் விரல்களோடும் சம்பந்தப்பட்டது. ஆகவே அது சங்கத்தின் காரியமுமாகும்.

நம் தோட்டங்களின் நிலையைப் பாருங்கள். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், தம்பின் என்று எந்தப் பக்கம் போனாலும், முன்பு கித்தா மரம் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. நீலாய் பக்கம் மரமே போய், வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று சிரம்பானிலும் செனவாங்கிலும் வாகனப் பட்டறைகளில் வேலை பழகுகிறார்கள். தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கோ மோட்டார் சைக்கிள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. காலையில் வண்டி கிளம்பாவிட்டால் பெரட்டுக்குப் போக முடியாது. டிராக்டர் நின்றுவிட்டால் வெட்டிய குலை காட்டிலேயே கிடக்கும். வண்டியைப் பழுது பார்க்கும் கை நம்முடையது. அந்தக் கையில் கொடுக்கப்படும் ஆயுதம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டியதும் நாமே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலை கெட்டுவிட்டால் பட்டறைத் தொழிலாளியைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்வது மேலிடத்தாருக்கு எளிது. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள்? வாய் விரிந்த ஸ்பானரைக் கொடுத்து, இறுகிப்போன நட்டைக் கழற்று என்றால், நட்டின் மூலை மழுங்கும், ஸ்பானர் வழுக்கும், புறங்கை இரும்பில் போய் மோதும். தோல் உரிவது தொழிலாளிக்கு. "நட்டைக் கெடுத்துவிட்டான்" என்ற பெயரும் அவனுக்கே.

நாம் கிராணி வேலை பார்ப்பவர்கள். ஸ்டோர்ப் புத்தகம் எழுதுவது நம் அன்றாட அலுவல். ஒரே அளவு ஸ்பானர் ஓர் ஆண்டில் இரண்டு மூன்று முறை வாங்கப்பட்டதாக எழுதியிருக்கிறோம். ஸ்பானர் என்ன, உப்பா புளியா, மாதந்தோறும் தீர்ந்துபோவதற்கு? மலிவு என்று வாங்கியதே காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு வெள்ளி ஸ்பானர் ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை கெடுகிறது என்று வையுங்கள். ஐந்து ஆண்டில் 80 வெள்ளி. முப்பது வெள்ளி கொடுத்து வாங்கிய நல்ல ஸ்பானர் ஒன்று அந்த ஐந்து ஆண்டும் உழைத்தால் 50 வெள்ளி மிச்சம். இது ஆயுதக் கணக்கு மட்டுமே. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. மழுங்கிய ஒரு நட்டை வெட்டி எடுப்பதற்கு அரை நாள் போனால், 32 வெள்ளிக்கு மேல் போனது. எட்டு வெள்ளி ஸ்பானரின் உண்மையான விலை என்ன என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

நல்ல ஆயுதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பால்மரம் சீவியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தியின் இரும்பு மிருதுவாக இருந்தால் முனை சீக்கிரம் மழுங்கும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் முனை உடையும். பதமாகக் காய்ச்சித் தோய்த்த கத்திதான் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவும். ஸ்பானரும் அப்படியே. மிருதுவான இரும்பானால் வாய் விரியும். இறுகியதானால் திடீரென்று ஒடியும். இரண்டுக்கும் நடுவிலே பதம் வைத்திருப்பதுதான் தரம். குரோமியமும் வனேடியமும் கலந்த உருக்கு இதற்கு ஏற்றது. ஆனால் "குரோம் வனேடியம்" என்று மேலே பொறித்திருப்பதனால் மட்டும் உள்ளே அது இருப்பதாக ஆகிவிடாது. எழுத்தை யாரும் பொறிக்கலாம். பதம் வைப்பதுதான் கஷ்டம்.

ஆயுதம் வாங்கப் புறப்படும் முன், எந்த வண்டிக்கு வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். நம் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஜப்பானிய முறையில் செய்யப்பட்டவை. அவற்றில் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளே மிகுதி. ஐரோப்பிய வண்டிகளில் வழக்கம் வேறு. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள போல்ட்டின் தலை ஜப்பானிய வண்டியில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். ஐரோப்பிய வண்டியில் 13. பத்து மில்லிமீட்டர் போல்ட்டின் தலை அங்கே 14. இங்கே 16 அல்லது 17. ஆகவே ஹோண்டா மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் 13ஆம் எண்ணையும் 16ஆம் எண்ணையும் முதலில் வாங்கினால், அவை பெட்டியில் தூங்கும்.

பழைய டிராக்டர்களின் கதை வேறு. மாஸி பெர்குசன் 135 என்னும் டிராக்டர் 1964 முதல் செய்யப்பட்டது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் இயந்திரங்களில் அங்குல அளவே அதிகம். நம் நாட்டில் எடை அளவுச் சட்டம் 1972இல் வந்து மெட்ரிக் முறை நிலைபெற்றது. ஆனால் சட்டம் மாறியதால் பழைய நட்டின் அளவு மாறிவிடவில்லை. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர். அதில் 13 எண் ஸ்பானரை மாட்டினால் ஏறும். ஏறிவிட்டதே என்று அழுத்தித் திருப்பினால், அந்தச் சிறிய இடைவெளியே மூலையைத் தின்றுவிடும். அதைவிடப் பழைய விட்வொர்த் முறை இன்னும் ஏமாற்றும். 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் திருகு மரைக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அந்த முறை ஸ்பானரில் பொறித்த எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் கனத்தைக் குறிப்பது. பழைய பெட்டியில் அத்தகைய ஸ்பானர் கிடந்தால் தனியே எடுத்து வையுங்கள். பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். நட்டு அறிந்து ஸ்பானர் எடு என்கிறோம் நாம்.

இனி கடைக்குள் போவோம். அனுபவம் முதிர்ந்த பிட்டர் ஒருவர் நம்மிடம் ஒரு முறை சொன்னார்: "கிராணி ஐயா, ஸ்பானர் வாங்கப் போகும்போது நான் புதிய நட்டு நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன்."

"ஏன் அண்ணே, கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டோம்.

"நல்ல சரக்கு விற்கிறவருக்குக் கோபம் ஏன் வருகிறது?" என்றார் அவர்.

சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களின் புத்தி இதுதான். நட்டை ஸ்பானரில் மாட்டிப் பாருங்கள். சுலபமாக ஏற வேண்டும். ஏறிய பின் அசைத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. ஸ்பானர் வாய் எவ்வளவு வரை பெரிதாக இருக்கலாம் என்பதற்கு உலகப் பொது விதி உண்டு, ஐ.எஸ்.ஓ. 691 என்பது அதன் எண். ஸ்பானரின் கடினமும் முறுக்குத் தாங்கும் வலிவும் எப்படிச் சோதிக்கப்பட வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 1711 கூறுகிறது. ஜெர்மானியர்கள் தங்கள் டின் 3113 என்ற எண்ணைப் பொறிப்பார்கள். இவ்வெண்கள் இருந்தால் நல்ல அறிகுறி. ஆயினும் கையில் உள்ள நட்டே கடைசிச் சாட்சி.

அடுத்து ஸ்பானரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாயின் உட்புறம் இரண்டும் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கின்றனவா? எழுத்தும் எண்ணும் தெளிவாக இருக்கின்றனவா? மேல் பூச்சில் குமிழோ, செதிலோ, கூர்மையான பிசிறோ உண்டா? பூச்சு பெயர்ந்தால் அதன் விளிம்பு பிளேடு போலக் கையை வெட்டும். மினுமினுப்பு மட்டும் தரம் ஆகாது. மங்கிய பூச்சுள்ள நல்ல ஸ்பானர்களும் உண்டு. எண்ணெய்க் கையில் வழுக்காமல் இருக்க அது உதவும்.

ஒரு பக்கம் திறந்த வாயும் மறுபக்கம் வளையமும் உள்ள ஸ்பானரே முதலில் வாங்கத் தக்கது. திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். வளையம் நட்டைச் சுற்றிப் பிடிக்கும். இறுகிய நட்டை முதலில் வளையத்தால் இளக்க வேண்டும். பிறகு திறந்த வாயால் விரைவாகக் கழற்றலாம். வளையத்திலும் ஆறு முனை, பன்னிரண்டு முனை என்று இரு வகை. இடுக்கான இடத்தில் பன்னிரண்டு முனை வசதி. ஒவ்வொரு முப்பது பாகைக்கும் ஒருமுறை மாற்றி மாட்டலாம். ஆறு முனைக்கு அறுபது பாகை வேண்டும். ஆனால் துருப்பிடித்த நட்டுக்கும் மூலை தேய்ந்த நட்டுக்கும் ஆறு முனையே பத்திரம். நல்ல தயாரிப்பாளர்கள் வளையத்தின் உட்புறத்தை, நட்டின் மூலையை நெருக்காமல் தட்டையான முகத்தைப் பிடிக்கும்படி வளைத்துச் செய்வார்கள்.

ஸ்பானர் கைப்பிடியின் நீளமும் காரணத்தோடு வைக்கப்பட்டது. சிறிய நட்டுக்குக் குட்டைக் கைப்பிடி. பெரிய நட்டுக்கு நீண்டது. கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டுகிறார்களே, அது ஆபத்து. நீளம் மூன்று மடங்கானால், அதே கைபலத்தில் நட்டின் மேல் விழும் முறுக்கும் மூன்று மடங்கு. அதைத் தாங்க ஸ்பானர் செய்யப்படவில்லை. ஒடிந்தால் இழுத்தவர் மல்லாந்து விழுவார். நீண்ட கைப்பிடி வேண்டுமானால் அதற்கென்று செய்த கம்பியை வாங்க வேண்டும். ஸ்பானரைத் தள்ளாமல் நம் பக்கம் இழுப்பதே முறை. தள்ளியே தீர வேண்டிய இடத்தில் விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ள வேண்டும்.

வாயைத் திருகி அளவு மாற்றும் ஸ்பானர் இருந்தால் மற்றவை எதற்கு என்று கேட்பவர் உண்டு. சுவீடன் தேசத்து யோஹான்சன் என்பவர் 1892இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவசரத்துக்கு உதவும் நல்ல ஆயுதம்தான். ஆனால் அதைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொண்டால் நட்டுகள் மழுங்கும். வாங்கும்போது அசையும் தாடையை ஆட்டிப் பாருங்கள். தளர்ச்சி அதிகமானால் வேண்டாம். பயன்படுத்தும்போது பாரம் அசையாத தாடையின் மேல் விழும்படி பிடித்து இழுங்கள்.

திருப்புளிக்கு வருவோம். ஸ்குரூ டிரைவர் என்றால் இளைஞர்களுக்குப் புரியும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியில் நட்சத்திர வாய்த் திருகு கெட்டுப்போய், உளி வைத்து அடித்துக் கழற்றுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! காரணம் பலருக்குத் தெரியாது. நட்சத்திர வாய்த் திருகில் அமெரிக்க முறை ஒன்று. ஜப்பானிய முறை ஒன்று. அமெரிக்க பிலிப்ஸ் முறை 1936இல் உரிமைப் பத்திரம் பெற்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பானியத் திருகின் அடிவரை சரியாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் நெம்பிக்கொண்டு வெளியே வரும். வரும்போதே திருகின் வாயைக் கெடுத்துவிடும். ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவுக்குச் செய்த முனை அதில் பொருந்தி உட்காரும். திருகின் தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது அந்த வகை. மோட்டார் சைக்கிள் வேலை பழகும் தம்பிகள் முதலில் வாங்க வேண்டியவற்றில் ஜப்பானிய இரண்டாம் எண் திருப்புளியும் ஒன்று.

சாக்கெட் பெட்டியைப் பற்றி எச்சரிக்கை செய்ய வேண்டும். இரவுச் சந்தையில் நூறு உருப்படி உள்ள பெட்டி பளபளக்கும். எண்ணிப் பாருங்கள். அதில் பாதி சிறு சிறு முனைகள். கால்வாசி நம் வண்டியில் இல்லாத அளவுகள். மிச்சம் உள்ளதில் 10, 12, 14 ஆகிய மூன்றுமே தினமும் கையில் இருக்கும். அந்த மூன்றும் கெட்டால் பெட்டியே கெட்டது. 1920இல் அமெரிக்காவில் ஸ்னாப் ஆன் என்ற நிறுவனம் தொடங்கியபோது, சில கைப்பிடிகளில் பல சாக்கெட்டுகளை மாற்றி மாற்றி மாட்டும் யோசனையைத்தான் விற்றது. குறைந்த உருப்படியில் நிறைய வேலை என்பதே சாக்கெட்டின் தத்துவம். நிறைய உருப்படியில் குறைந்த வேலை அன்று!

சாக்கெட்டைச் சுழற்றும் ராட்செட் கைப்பிடியைக் காதருகே வைத்துத் திருப்பிப் பாருங்கள். பல் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். 72 பல் உள்ளது ஐந்து பாகை அசைவிலேயே அடுத்த பல்லைப் பிடிக்கும். 36 பல்லுக்குப் பத்து பாகை வேண்டும். இடுக்கில் வேலை செய்பவருக்கு முன்னது உதவும். இறுகிய நட்டை இளக்க ராட்செட்டைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குப் பல்லில்லாத நீண்ட கைப்பிடி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்குத் தனி சாக்கெட் வேண்டும். சிறிய மோட்டார் சைக்கிள்களில் பத்து மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்குக்குப் பெரும்பாலும் 16 எண் சாக்கெட். அது சாய்ந்து பிடித்தால் பீங்கான் வெடிக்கும். இன்னொன்றும் முக்கியம். காற்றழுத்தத் துப்பாக்கியில் மாட்டுவதற்கென்று கருநிறத்தில் தடித்த சாக்கெட் உண்டு. பளபளப்பான கைச் சாக்கெட்டை அதில் மாட்டினால் சிதறி முகத்தில் அடிக்கக் கூடும். கண் ஒன்று போனால் எந்தச் சங்கமும் அதைத் திருப்பி வாங்கித் தர முடியாது.

சுத்தியல் வாங்கும்போது கைப்பிடியின் நார் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் ஒடியும். தலை ஆடினால் தொடவே வேண்டாம். சுத்தியலின் மேல் சுத்தியலால் அடிக்கக் கூடாது, இரண்டும் இறுகிய உருக்கு, சில்லு தெறிக்கும். வெட்டுளியின் தலை அடிபட்டுக் காளான் போல் விரிந்துவிட்டால் உடனே அரைத்துச் சரிசெய்யுங்கள். குறடு வாங்கினால் தாடையை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனி இரண்டும் சரியாகப் பொருந்த வேண்டும். மூட்டு இறுக்கமும் ஆட்டமும் இன்றி ஓட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. அதற்கென்று செய்த இரும்புத் தாங்கியை இரு பக்கமும் வைக்காமல் எந்த வண்டியின் அடியிலும் நுழையாதீர்கள். செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள்; பாரத்தில் செங்கல் திடீரென்று நொறுங்கும். மழைக்கு ஊறிய செம்மண்ணில் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வேண்டும். ஜாக்கியிலும் தாங்கியிலும் எத்தனை டன் என்று பொறித்திருக்கும். வண்டியின் எடைக்குமேல் தாராளமாக இருக்கட்டும். ஸ்பானரில் சிக்கனம் பார்த்தால் தோல் போகும். இதில் பார்த்தால் உயிர் போகும்.

எந்தக் கம்பெனி ஆயுதம் நல்லது என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் ஸ்டால்வில்லே 1862இலும் கெடோரே 1919இலும் தொடங்கியவை. ஜப்பானில் கோக்கென் 1946இலும் கியோட்டோவின் கே.டி.சி. 1950இலும் தொடங்கின. தைவானின் தைசுங் நகரம் கைக்கருவித் தொழிலுக்குப் பேர் போனது. இந்தியாவில் ஜலந்தரும் லூதியானாவும் அப்படியே. ஒவ்வொரு நாட்டிலும் உயர்ந்ததும் உண்டு, நடுத்தரமும் உண்டு, கழிவும் உண்டு. ஊர் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெயர் பெற்ற ஆயுதத்துக்கே போலி அதிகம். எழுத்து கலங்கியிருந்தால், விலை நம்ப முடியாதபடி குறைந்திருந்தால், ரசீது தர மறுத்தால் விலகிவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாய் இருக்க வேண்டும். ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. ரசீது மட்டும் தேவை.

தொழில் தொடங்கும் தம்பி ஒருவன் முதல் சம்பளத்தில் என்ன வாங்கலாம்? 8 முதல் 19 வரை மேலே சொன்ன ஆறு ஸ்பானர்கள், ஜப்பானிய நட்சத்திரத் திருப்புளி ஒன்று, தட்டை முனை ஒன்று, ஒரு குறடு, ஒரு சுத்தியல், பிளக் சாக்கெட் ஒன்று. இவற்றை நல்லதாக வாங்கட்டும். மற்றவற்றை வேலை கேட்கும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். அடிக்கடி எடுப்பதில் பணத்தைப் போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பதை இரவல் வாங்கினாலும் போதும்.

முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் போன்ற விலையுயர்ந்தவற்றுக்கு வழி வேறு. எஞ்சின் தலைக்கும் சக்கர நட்டுக்கும் அது அவசியம். ஆனால் ஒருவர் தனியே வாங்குவது பாரம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கவில்லையா? ஐந்து பேர் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்ச் வாங்க முடியாதா? சிறு துளி பெரு வெள்ளம். பொதுப் பெட்டி ஒன்று வையுங்கள். யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். டார்க் ரெஞ்சை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை அளவு சரிபார்க்கக் கொடுங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது. வைத்துக் காக்கவும் வேண்டும். நம் தோட்டங்களில் இரும்புக்கு மூன்று எதிரிகள் உண்டு. பால் உறையப் போடும் பார்மிக் அமிலம் ஒன்று. உர மூட்டை இரண்டு. மழை ஈரம் மூன்று. ஆயுதப் பெட்டியை உரக் கிடங்கிலோ அமிலம் வைக்கும் அறையிலோ வைத்தால், ஜெர்மன் உருக்கும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆயுத பூஜை அன்று ஸ்பானருக்கும் டிராக்டருக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோம். நல்லதுதான். மற்ற 364 நாளும் ஒரு துண்டுத் துணி போதும், அதுவும் பூஜையே.

கடைசியாக, தோழர்களே, இந்த ஆயுதங்களை யார் வாங்கித் தர வேண்டும் என்ற கேள்வி. நம் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு நாம் வாங்குவோம். தோட்டத்து டிராக்டரைத் தோட்டத்து நேரத்தில் பழுது பார்ப்பதற்குத் தொழிலாளி தன் கைக்காசில் ஸ்பானர் வாங்குவது எந்த நியாயம்? 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையைத் தெளிவாகச் சொல்லுகிறது. பத்திரமான இயந்திரமும் சாதனமும் கொடுத்து அவற்றைச் செம்மையாகப் பராமரிக்க வேண்டும். "சாதனம்" என்பதில் கைக்கருவியும் அடங்கும். இச்சட்டப்படி செய்து தர வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று 26ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூன் முதல் நாளிலிருந்து, சில விலக்குகள் நீங்கலாக, எல்லா வேலையிடங்களுக்கும் இச்சட்டம் செல்லும். ஆகவே பட்டணத்துப் பட்டறையில் வேலை பழகும் தம்பிக்கும் இது பொருந்தும். உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளவும் இப்போது தொழிலாளிக்கு உரிமை உண்டு. தாங்கி இல்லாத லாரிக்கு அடியில் படு என்றால், மறுப்பது அடங்காமை ஆகாது.

ஸ்பானர் ஒடிந்தது என்று கூலியில் பிடிக்கிறார்களா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எந்தெந்தப் பிடித்தம் செய்யலாம் என்று வரையறுத்திருக்கிறது. மனம் போனபடி பிடிக்க முடியாது. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்கு வாருங்கள்.

நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் குழுவில் பட்டறைத் தொழிலாளி ஒருவர் அமரட்டும். ஆயுதம் வாங்கும் சீட்டு எழுதப்படும் முன் அவரைக் கேட்கட்டும். மேசையில் இருந்து விலையை மட்டும் பார்ப்பவருக்கு, மழுங்கிய நட்டின் வேதனை தெரியாது. உடைந்த ஆயுதம் எது, எப்போது வாங்கியது, என்ன வேலையில் உடைந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். எழுத நேரமில்லை என்றால் நம்மைப் போன்ற கிராணிமாரிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறோம். ஆறு மாதம் எழுதினால் அந்தத் தாளே நமக்காகப் பேசும். "மலிவாக வாங்கினோம்" என்று சொல்லும் நிர்வாகத்தின் முன், மலிவு எவ்வளவு செலவு வைத்தது என்பதை அவர்கள் கணக்கிலேயே காட்டலாம்.

தோழர்களே! நம் பாட்டன்மார் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். கேட்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நமக்குச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. சொந்தத்துக்கு வாங்கும்போது நட்டை மாட்டிப் பார்த்து வாங்குவோம். தோட்டத்து வேலைக்கு நல்லதைக் கேட்டு வாங்குவோம். வருகிற வாரம் ஒவ்வொரு பட்டறையிலும் பெட்டியைத் திறந்து, வாய் விரிந்ததையும் தலை ஆடுவதையும் தனியே எடுத்து எண்ணி, கிளைச் செயலாளரிடம் பட்டியல் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.